உருகுநிலை

ஐப்பசி மழையில் ஆய்வகக் காற்றைப் பிழிந்தால் சொட்டும்போல இருந்தது. ஈரம் பட்டால், பென்சாயிக் அமிலம் தயாரிக்க வேண்டிய மக்னீசியக் கரைசல் அந்தக் கணமே செத்துவிடும். எல்லோருடையதும் செத்தது, ஆரோக்கியதாஸுடையது தவிர. கரியமில வாயு உறைந்த பனிக்கட்டிமேல் அவன் கரைசலை ஊற்றுவான். புகை அடங்கி, அமிலநீர் விட்டதும் பென்சாயிக் அமிலம் வெள்ளை வெளேரென்று படியும்.

கடைச் சரக்கைக் கலக்கிறான் என்று உடன் ஆய்வு செய்யும் வனமாலாவுக்குத் தோன்றியது. அலமாரிப் புட்டியிலிருந்த கடைப் பென்சாயிக் அமிலத்தை எடுத்துத் தன் இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். வேறு சூட்டில் உருகும் ஒரு வெள்ளைத் தூளைப் புட்டியில் நிரப்பி வைத்தாள்.

அன்றும் அவனுக்குப் படிந்தது.

"கொஞ்சம் குடு, உருகுநிலை பாக்கறேன்."

"எம்மேல சந்தேகமா?"

"சும்மாதான்."

மெல்லிய கண்ணாடிக் குழாயில் தூளை அடைத்துச் சூடேற்றினாள். நூற்று இருபத்திரண்டு டிகிரியில் உருகியது. அசல் பென்சாயிக் அமிலமேதான்.

"இப்ப நம்புறியா?" என்று சிரித்தான்.

"நம்பாம என்ன," என்றாள் வனமாலா.

அவன் கை கழுவத் திரும்பியதும் இழுப்பறையை இழுத்துப் பார்த்தாள். பூட்டியேதான் இருந்தது. இன்னொரு சாவி யாரிடம் இருக்கும் என்று யோசிக்கத் தொடங்கினாள்.