நிமிடத்துக்கு முப்பது

தானமாக வந்த சிறுநீரகம் பெட்டிக்குள், பனிக்கட்டிகளுக்கு நடுவே இருந்தது. பம்பு அதற்குள் குளிர்ந்த திரவத்தைத் தள்ளிக்கொண்டிருந்தது, நிமிடத்துக்கு முப்பது துடிப்பு. அந்த எண்ணை வைத்தது நான்தான். மாற்றினால் நோட்டில் காரணம் எழுத வேண்டும்.

பதினொரு மணிக்கு மேல்மாடி வார்டு நர்ஸ் அக்கா போன் செய்தார். இந்தச் சிறுநீரகத்துக்காகக் காத்திருக்கும் நோயாளி அவருடைய வார்டில்தான் இருந்தார்.

"தம்பி, மானிட்டர் கெட்டுப்போச்சு போல. நாடி முப்பதுன்னு காட்டுது. கையைப் புடிச்சும் எண்ணிட்டேன், அதே முப்பதுதான். மனுஷன் என்னடான்னா மககிட்ட ஜோக்கடிச்சிட்டிருக்கார்."

ஆளை ஓட்டுவதில் அக்கா கில்லாடி. போன வாரம்தான் இல்லாத மெஷினை ரிப்பேர் பார்க்கச் சொல்லி என்னை ஐந்து மாடி ஏறவைத்தார். நான் சத்தமில்லாமல் பம்பை நாற்பத்திரண்டுக்கு ஏற்றினேன்.

"இப்ப எவ்வளவுக்கா?"

"நாப்பத்திரண்டு. அங்கேருந்தே என்ன பண்ணீங்க?"

யாரோ எட்டிப் பார்த்து அவருக்குச் சொல்கிறார்கள். கதவைத் தாழிட்டேன். அலமாரிக்குப் பின்னாலும் பார்த்தேன். எண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு முப்பத்தேழு வைத்தேன்.

"இப்ப?"

"முப்பத்தேழு."

நோட்டில் காரணத்துக்கான கட்டத்தை வெறுமையாக விட்டேன்.

சுவரிலிருந்த இன்டர்காமில் சர்ஜனின் குரல் வந்தது. "பேஷண்டைக் கூட்டிட்டு வர ஆள் போயாச்சு. நீங்க பம்பை நிறுத்திட்டு கிட்னியைக் கொண்டாங்க."

போனை நான் வைக்கவில்லை. அதில் அந்த மனிதர் ஒரு ஜோக்கின் பாதியில் இருந்தார். மகள் அதற்குள் சிரிக்கத் தொடங்கியிருந்தாள். நிறுத்தும் பொத்தானின் மேல் என் விரல் இருந்தது.