குந்தும் நேரம் எவ்வளவு?

“ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம்ணே குந்திக்கினு இருப்பீங்க?”

கலைமதி கேட்டதற்கு, பைக் சக்கரத்தோரம் ஸ்பேனரை அழுத்திப் பிடித்தபடி குந்தியிருந்தவர் தலை தூக்காமலேயே பதில் சொன்னார். “காலைல ஒம்போது மணிக்குக் குந்தினா, வெயிலு சாயற வரைக்கும்.”

கலைமதிக்கு மனம் குளிர்ந்தது. பதிலை முதலில் பென்சிலால் எழுதி, சரிதானா என்று இரண்டு முறை படித்துப் பார்த்து, பிறகு அதன்மேல் பேனாவை ஓட்டினாள்.

விழுப்புரத்தில் மாலை வகுப்பில் தொழிலாளர் உடல்நலம் படிக்கிறாள். பைக் மெக்கானிக் ஒருவர் எப்படிக் குனிகிறார், எப்படி உட்காருகிறார் என்று பார்த்து இருபது கேள்விகளுக்குப் பதில் வாங்கி, இன்று, வெள்ளிக்கிழமை, ஆறு மணிக்குள் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் பரீட்சை எழுத முடியாது. உள்ளூரில் மூன்று பட்டறைகளில் விரட்டிவிட்டார்கள். முதுகு நன்றாகத்தான் இருக்கிறது, உன் கேள்வியில்தான் தலை வலிக்கிறது என்றார் ஒருவர். அதனால்தான் பஸ் பிடித்துத் திண்டிவனம் வந்திருந்தாள். மணி அதற்குள் மூன்றரை.

இந்த மனிதரோ தங்கம். முழங்கை வரை கிரீஸ். கேட்டதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னார். இடுப்பு வலிக்கிறதா? வலிக்கிறது. முட்டி? எழுந்தால் தானாகவே மடங்கிக்கொள்கிறது. நடுவில் ஓய்வு? டீ குடிக்கக்கூட நகர முடியவில்லை. மூக்குக்கும் செயினுக்கும் எவ்வளவு தூரம் என்று கலைமதி டேப்பை நீட்டியபோதும், மறுக்காமல் மூக்கைக் காட்டினார்.

நடுவில் வானூர்க்காரர் ஒருவர், பிரேக் பிடிக்கவில்லை என்று மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். இவர் ஒரு கையால் ஸ்பேனரை விடாமல், குந்திய நிலையிலேயே வாத்து மாதிரி எட்ட நகர்ந்து, மறு கையால் ஒரு நட்டை முறுக்கி அனுப்பிவைத்தார். ‘வாத்து நடை’ என்று படிவத்தில் எழுதலாமா என்று கலைமதி யோசித்து, எழுதி, அடித்து, மறுபடியும் எழுதினாள்.

“வண்டிய ஒசரமா ஒரு மேடை மேல ஏத்திட்டா நின்னுக்கினே பாக்கலாம்ணே. முதுகு தப்பிச்சிடும். ஓனருகிட்ட கேட்டா செஞ்சி தர மாட்டாரா?”

“அவரு கண்ணுல பட்டாதானேம்மா கேக்கறதுக்கு.”

அந்த ஓனர் மீது கலைமதிக்கு ஆத்திரம் வந்தது. காலி ஆயில் டின் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அவரைக் கைத்தாங்கலாகத் தூக்கி அதன்மேல் உட்காரவைத்தாள். அவர் கண்கள் சொக்கின. இதுவரை ஒருத்தரும் தன்னை உட்காரச் சொல்லவில்லை என்றார்.

பத்தொன்பது கேள்விகள் முடிந்தன. பெயர் பெரியசாமி என்றார். கடைசிக் கட்டம் தொழில். அதை மட்டும் கேட்கத் தேவையில்லை என்று, பஸ்ஸில் வரும்போதே மெக்கானிக் என்று நிரப்பியிருந்தாள். கையெழுத்துக்குப் படிவத்தை நீட்டினாள்.

பெரியசாமி கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தார்.

“இது தப்பும்மா. நான் கல்யாண சமையல் மாஸ்டரு, நின்னுக்கினே செய்யற வேல. என் வண்டிக்கு செயினு மாட்ட வந்தேன். ‘இந்த ஸ்பேனர அஞ்சு நிமிஷம் அழுத்திப் புடிச்சிக்கினு இருங்க, தோ வந்துடறேன்’னு சொல்லிட்டு மெக்கானிக் போனாரு, செவ்வாக்கெழம.”