சிவப்பு நூலுக்கு எந்தப் பக்கம்

நகரமன்றத்துக்குள் காலடி வைத்தவன் சொந்த வீட்டை மறந்துவிட வேண்டும் என்பது இளைய உறுப்பினரின் அசைக்க முடியாத கொள்கை. மேசைமேல் அட்டையில் செய்த நகரம் இருக்கிறது. புதிய சாலை போகும் வழியில் பொறியாளர் சிவப்பு நூலை இழுத்துக் கட்டுகிறார். நூல் தொடும் வீடெல்லாம் இடிபடும். உறுப்பினர்கள் முண்டியடித்துத் தங்கள் வீட்டைத் தேடுகிறார்கள்.

"என்ன அத்தை, சந்தையில பிள்ளையத் தொலைச்ச மாதிரி முழிக்கிறீங்க?" என்கிறான் இளையவன், தன்னைப்போலவே உறுப்பினரான அத்தையிடம்.

"போடா. என் மொட்டைமாடி தப்பிச்சிடுச்சு."

அப்போது ஜன்னல் வெயில் சாய்ந்து மேசையில் விழுகிறது. தீப்பெட்டியளவு வீடுகளுக்கெல்லாம் நிழல் முளைக்கிறது. ஊரே கண்விழித்தது போலிருக்கிறது. அவன் மெல்லக் குனிந்து, நூலுக்கும் தன் அம்மா இருக்கும் வீட்டுக்கும் நடுவே சுண்டுவிரலை வைத்துப் பார்க்கிறான். விரல் நுழைகிறது.