இரும்பின் பண்புகள்

"மனிதகுல வரலாற்றில் இரும்பு இதுவரை ஒரே ஒரு வலிப்பைக்கூட நிறுத்தியதில்லை."

லேத் பட்டறையின் தரையில் உட்கார்ந்தபடி அவன் இதை அறிவித்தான். கண் தெளிந்து, தண்ணீர் குடித்து, தன் பெயரும் அன்றைய கிழமையும் நினைவுக்கு வந்தபின் அவன் பேசிய முதல் முழு வாக்கியம் இது.

வலது கையில் ஒரு சாவிக்கொத்து இருந்தது.

அதைத் திணித்தவர் லேப் உதவியாளர் மரியபுஷ்பம். அவரிடமே திருப்பிக் கொடுத்தான்.

"வலிப்பு தானா வரும், தானா போயிரும்க்கா. சாவிக்குப் பதிலா வாழைப்பழம் குடுத்திருந்தாலும் நின்னுருக்கும். அதுலயும் இந்தக் கொத்துல முக்காவாசி பித்தளை."

சுற்றி நின்ற மாணவர்கள் சிரித்தார்கள். மரியபுஷ்பம் கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

அவன் சொன்னது சரிதான். அந்தப் பொறியியல் கல்லூரியில் உலோகங்களின் பண்புகளை நடத்துகிற உதவிப் பேராசிரியர் அவன். இரும்பைப் பற்றி அவன் ஒன்று சொன்னால் மறுத்துப் பேச வளாகத்தில் ஆளில்லை.

மறுநாள் அவன் மேசையில் யாரோ ஒரு வாழைப்பழம் வைத்திருந்தார்கள்.

எல்லோரையும்விட சத்தமாகச் சிரித்துவிட்டு, உரித்துத் தின்றான்.

*

முதலில் லேத்தை அவனிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். சுழல்கிற இயந்திரம். அதில் நியாயம் இருந்தது.

பிறகு, எதுவுமே சுழலாத உலோகச் சோதனை லேப்பை.

பிறகு மாடி வகுப்புகளை. வழியில் படிக்கட்டு இருக்கிறதாம்.

பிறகு கீழ்த்தள வகுப்புகளை.

அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டான்.

"புள்ளைங்க இருக்கே சார்," என்றார் துறைத் தலைவர் ஞானதுரை. "பயந்துரும்லா. எல்லாம் ஒங்க நல்லதுக்குத்தான்."

பல வருஷமாக வராமல் இருந்த வலிப்பு, அன்று பட்டறையில் வந்தது. ஆய்வுக்குழு வருகிறதென்று முந்தைய ராத்திரி அவனை விடிய விடியக் கோப்பு அடுக்க வைத்தார்கள். வந்துவிட்டது. ஆய்வுக்குழு கல்லூரியைப் பாராட்டிவிட்டுப் போனது.

கேன்டீனில் அவன் உட்கார்ந்தால் சக ஆசிரியர்களின் பைக் சாவிகள் சட்டைப் பையை விட்டு வெளியே வந்தன. டீ கிளாசுக்குப் பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில், ஒரு முன்னேற்பாடு.

"எல்லாருக்கும் ஒரே நேரத்துல வந்தாலும் சமாளிச்சிரலாம் வே," என்பான்.

சிரிப்பார்கள்.

பிறகு சாவிகள் வெளியே வருவது நின்றது. அந்த மேசைக்கு யாரும் வருவதில்லை.

*

இன்று தாளாளர் அவனை நேரில் பார்க்க வேண்டும் என்றிருக்கிறார்.

பார்த்துப் பிடித்துவிட்டால் லேப் திரும்பக் கிடைக்கும், வகுப்புகள் கிடைக்கும். பிடிக்காவிட்டால், அவனாகவே விலகிக்கொள்வதுதான் அவனுக்கு மரியாதை.

ஞானதுரை வராந்தாவில் அவனை ஓரமாக அழைத்துப் போனார். நல்ல மனிதர். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தெளிவா நின்னு பேசிட்டு வாங்க சார். அங்க வச்சு மட்டும் வந்துரக் கூடாது. வந்துச்சுன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது, பாத்துக்கிடுங்க."

பூசை நேரத்தில் தும்மாதே என்று பிள்ளையிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

தூங்காவிட்டால் வரும் என்று அவனுக்குத் தெரியும். அது தெரிந்திருந்ததால் ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை.

மாத்திரை போட்டிருக்கிறான். சட்டையை இஸ்திரி போட்டிருக்கிறான். தாளாளர் அறைக்கு வெளியே பெஞ்சில் முதுகு வளையாமல் உட்கார்ந்திருக்கிறான். உள்ளே வேறு யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் வெளியே வந்ததும் அவன் போக வேண்டும்.

ரப்பர் எரிகிற வாசனை வந்தது.

வராந்தாவில் எதுவும் எரியவில்லை. பூந்தொட்டிகள் இருந்தன. நிறுவனரின் படம் இருந்தது.

ஒவ்வொரு முறையும் முதலில் இந்த வாசனைதான் வரும். சில முறை வாசனையோடு போய்விடும்.

சில முறை போகாது.

உள்ளே சிரிப்புச் சத்தம். நாற்காலி நகர்கிற சத்தம்.

மரியபுஷ்பம் காலி டம்ளர்களோடு அறையிலிருந்து வெளியே வந்தார். அன்றைக்குப் பிறகு அவர் அவனோடு பேசுவதில்லை. பெஞ்சைத் தாண்டிப் போனார்.

"அக்கா."

நின்றார்.

"லேப் சாவியக் கொஞ்சம் குடுங்க."

"லேப்புதான் ஒங்களுக்குக் கெடையாதே சார்."

"தெரியும்க்கா."

அவர் அவன் முகத்தைப் பார்த்தார்.

டம்ளர் தட்டை ஜன்னல் விளிம்பில் வைத்தார். இடுப்பிலிருந்து கொத்தை உருவி நீட்டினார். வாழைப்பழத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

வாங்கி மடியில் வைத்துக்கொண்டான்.

லேப் சாவி பித்தளை. ஒதுக்கினான். அலமாரிச் சாவி பித்தளை. ஒதுக்கினான். அடுத்ததும் பித்தளைதான்.

கடைசியில் ஒன்று கிடைத்தது. எந்தப் பூட்டுடையதோ, துருவேறிய பழைய சாவி. நகத்தால் சுரண்டிப் பார்த்தான்.

இரும்பு.

உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினான்.

உள்ளே மணி அடித்தது.