முப்பத்தெட்டு வயதில்

"மவ கல்யாணத்துக்கு நிக்கிறா. இந்த வயசுல உனக்கு இது தேவையா ராஜம்மா?"

அடுத்த வீட்டுத் தனக்கோடி வாசற்படியிலேயே ஆரம்பித்துவிட்டாள். ராஜம்மாள் முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள். முள்ளிப்பட்டில் இப்போது அவள் வயிற்றைப் பற்றித்தான் பேச்சு. குழாயடியில் அவள் தலையைக் கண்டாலே சிரிப்பு. கூனிக் குறுகிப் போயிருந்தாள்.

"உன் வூட்டுக்காரரு தெருவுல தல நிமிராம நடக்கிறாரு, பாவமா கீது. நான் சொல்றத கேளு. படவேட்டுல என் நாத்தனாருக்குப் புள்ள இல்ல. பொறந்ததும் குடுத்துடு. உனக்கும் அசிங்கம் போவும்."

கொடுத்துவிட்டால் நிம்மதி என்று ராஜம்மாளும் நினைத்ததுண்டு.

உள்ளே தறிச் சத்தம் நின்றது. தறிக்குழியில் கால்விட்டு உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தாள் மகள் ஸ்வர்ணலதா. பதினாறு வயது. மடிக்கு மேல், நெய்த சேலையைச் சுற்றிய தறி உருளை. தோளும் தலையும்தான் வெளியே தெரிந்தன.

"யாருக்கும் தர மாட்டோம் அத்த."

"பெரியவங்க பேசறப்ப உனக்கென்னடி?"

"நீங்க பேசறது அதுக்குக் கேக்கும். பாருங்க, தறி நின்னா ஒதைக்குது. மறுபடி தறிய மிதிச்சாதான் தூங்கும்."

"அது உனக்கு எப்பிடிடி தெரியும்?"

"ராவெல்லாம் என் வயித்துல கைய வெச்சுகினுதான் படுக்கிறா," என்றாள் ராஜம்மாள் அவசரமாக.

"நல்லா கீது கூத்து! இவளத் தெருப்பக்கமே காணோமே, ஏன்?"

"முகூர்த்தச் சேலை. ஜல்தியா முடிக்கணும்."

"சரி, நாத்தனார ஞாயித்துக்கிழம வரச் சொல்லட்டுமா?"

ராஜம்மாள் மகளைப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் கண்கள் நிறைந்திருந்தன. உதடு கெஞ்சியது.

"வேணாம் தனக்கோடி. நாங்களே வளத்துக்கறோம். சிரிக்கிறவங்க சிரிச்சுட்டுப் போகட்டும்."

"வெக்கங்கெட்டவ," என்று முணுமுணுத்துக்கொண்டே தனக்கோடி இறங்கிப் போனாள்.

ராஜம்மாள் கதவைத் தாழிட்டாள். புடவைக்குள் கைவிட்டு, இடுப்பில் கட்டியிருந்த துணி மூட்டையை அவிழ்த்துப் போட்டாள். பிறகு தறிக்குழி ஓரமாக உட்கார்ந்து, மகளின் நிறைவயிற்றில் கை வைத்தாள்.

"அழாத கண்ணு, யாருக்கும் குடுக்கல. ஆனா ஆயுசுக்கும் இது உன்ன அக்கான்னுதான் கூப்புடும். தாங்கிப்பியா?"