கடைசியில் தள்ளப்பட்ட நம்பர்

"சார், ஒரு மனுஷனை வேணும்னே கடைசியில தள்ளிவிட்டிருக்காங்க!"

ஆபீஸில் 'பூதக்கண்ணாடி' என்று பெயரெடுத்த சீனியர், லேப்டாப்போடு மானேஜர் அறைக்குள் பாய்ந்தான்.

போனில் டாக்டரிடம் ஆலோசனை கேட்பவர்களை வரிசைப்படுத்தும் மென்பொருள் அவர்களுடையது. முதலில் பதிவு செய்தவருக்கு முதல் அழைப்பு.

"புரியிற மாதிரி சொல்லுய்யா."

"நம்ம மென்பொருளை எழுதின ரூபிங்கிற கம்ப்யூட்டர் மொழியில 'அர்ரே'ன்னா ஒரு பட்டியல், சார். எண்ணும், தேடும், அடுக்கும். நமக்கு வேணும்னா அதுக்குப் புதுசா ஒரு வேலையும் கத்துக்குடுக்கலாம். நம்ம பட்டியலுக்கு யாரோ கத்துக்குடுத்திருக்காங்க. இந்த ஒரு நம்பர் விடியக்காலையிலேயே பதிவு பண்ணினாலும் கடைசிக்குத் தள்ளு!"

"யாரு?"

"புதுசா வந்த பொண்ணுதான்."

நாளையோடு அவளுடைய பயிற்சிக் காலம் முடிகிறது. வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் கையெழுத்துக்காக மேஜையில்தான் கிடந்தது. மானேஜர் பேனாவை மூடினார்.

கூப்பிட்டதும் அவள் வந்தாள்.

"ஏம்மா, அந்தாளுக்கும் உனக்கும் என்ன வாய்க்கால் தகராறா?"

"முகம்கூடத் தெரியாது சார். ஒரு தடவை புகார் சொல்ல போன் பண்ணினார், அவ்வளவுதான்."

"அப்புறம் ஏன்?"

"அவரோட சொந்த விஷயம் சார். நான் சொல்றது முறையில்ல."

பூதக்கண்ணாடி மூக்கைப் பிடித்துக்கொண்டு, போனில் வரும் பதிவுக் குரலில், "நீங்கள் வரிசையில்… கடைசியாக… இருக்கிறீர்கள். ஆயுசுக்கும்… காத்திருக்கவும்!" என்றான்.

மானேஜர் சிரிக்கவில்லை. "இந்தக் கடிதம் குப்பைத்தொட்டிக்குத்தான் போகும். தெரியுமில்ல?"

"தெரியும் சார். வேணும்னா அவரையே கேளுங்க."

'வேலை போகும்னு தெரிஞ்சும் வாயைத் திறக்க மாட்டேங்கறாளே, அப்படி என்ன விஷயம்?' மானேஜருக்கு மண்டை குடைந்தது. ஸ்பீக்கரில் போட்டு அந்த நம்பரை அழைத்தார்.

"வணக்கம் சார். எங்க ஆள் ஒருத்தங்க உங்களை எப்பவும் கடைசியில தள்ளியிருக்காங்க. மன்னிச்சுடுங்க. இனிமே நீங்கதான் முதல் ஆள்!"

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது.

"லைன் செத்துப்போச்சு சார்." பூதக்கண்ணாடி துண்டிக்கக் கையை நீட்டினான்.

"இருங்கண்ணா!" அவள் தடுத்தாள்.

இன்னும் கொஞ்ச நேரம் மூச்சு.

"வே… வேண்டாம் சார்," என்றது குரல். "பின்னாடி ஆள் காத்திருந்தா மூணு நிமிஷத்துல லைன் தானா க… கட்டாயிடுது. அதுக்குள்ள என்னால என் பே… பேரைத்தான் சொல்லி முடிக்க முடியுது."