கட்டிலுக்கு மேல் ஒழுகிய கூரை

ஊர் சுற்ற வாங்கிய கேரவன் வண்டியில், உள்ளே இருந்த கட்டிலுக்கு நேர்மேலே கூரை ஒழுகியது. ஆன்டெனா மாட்ட நீங்கள் போட்ட துளைதான் காரணம் என்று கம்பெனி வாரண்டியை மறுத்துவிட்டது. தனசீலன் ஷோரூமில் சத்தம் போட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினான். பிறகு மனைவி ஷீபா வண்டியோடு தனியாகப் போனாள். கம்பெனி இறங்கி வந்தது. கூரையும் சரியாகி வந்தது.

"ஷோரூம் மேனேஜர் ஜெகன்தாங்க நமக்காகப் பேசினாரு. தண்ணி நம்ம துளையில வரல, கம்பெனி ஒட்டின விளிம்புல வருதுன்னு படுத்துப் பாத்துக் கண்டுபிடிச்சாரு."

"எங்க படுத்து?"

"நம்ம கட்டில்லதான். வேற எங்கேருந்து பாக்கிறது?"

"எந்தப் பக்கம்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "உங்க பக்கம்."

தனசீலன் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு வண்டியின் கூரைமேல் ஏறினான். புதிதாக ஒட்டிய விளிம்பில் பீய்ச்சி அடித்தான். கூரைக் கண்ணாடி வழியே, கட்டிலில் மல்லாந்து உள்ளங்கையை ஏந்தியிருந்த ஷீபா தெரிந்தாள்.

"ஒரு சொட்டுகூட இல்லங்க." அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"கைய எடுக்காத," என்றான். ஒரே ஒரு சொட்டாவது விழுந்துவிடாதா என்று, தொட்டி காலியாகும்வரை அவன் இறங்கவில்லை.